ரெட் கார்டு சண்டை வீட்டுக்குள்ள வந்துருச்சு, நான் எழுதறத நிறுத்தணுமாக்கா?

கேள்வி: வணக்கம்ங்க அக்கா. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், ஒரு பொண்ணு, யுகேஜி படிக்கறா. பிக் பாஸ் பாத்துட்டு ராத்திரி ஃபேஸ்புக்ல நீளமா எழுதறது என் பழக்கம், ஒரு முந்நூறு நானூறு பேர் படிப்பாங்க. சீசன் 7ல போட்டியாளர் பிரதீப்புக்கு ரெட் கார்டு குடுத்து, அதாவது ஓட்டுக்கு விடாம உடனே வெளிய அனுப்பினது சரிதான்னு எழுதினேன், அந்த ஆளே அப்படித்தான்னு கொஞ்சம் கடுமையாவும் எழுதிட்டேன். அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க. தெரியாதவங்கெல்லாம் இன்பாக்ஸ்ல வந்து அசிங்கமா எழுதினாங்க, என் பொண்ணு போட்டோவ எடுத்து போட்டு கமெண்ட் பண்ணாங்க. எங்க நாத்தனார் பிரதீப் பக்கம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்லயே "இவளுக்கு என்ன தெரியும்"னு போட்டாங்க, நானும் விடல, பேச்சே நின்னுபோச்சு. இப்ப ஷோ நடத்தின கமல் போய் விஜய் சேதுபதி வந்தாச்சு, எங்க வீட்ல மட்டும் அது முடியல. போன வாரம் மறுபடி ஒரு போஸ்ட் போட்டேன், மறுபடி அதே மாதிரி மெசேஜ். வீட்டுக்காரர் அக்கவுண்ட டெலீட் பண்ணுன்னு சொல்றார். நீங்க டிவில எடிட்டரா இருக்கறதால கேக்கறேன், நாங்க பாக்கறது நெஜமா? நான் கருத்து சொன்னது தப்பா?
பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: வணக்கம்மா. மொதல்ல அந்த மெசேஜ் விஷயத்த பேசிருவோம், அதுதான் அவசரம். கோவத்துல எதையும் டெலீட் பண்ணிராதீங்க. அனுப்பினவன் பேரு, ப்ரொஃபைல் லிங்க், தேதி, நேரம் எல்லாம் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேற ஒரு இடத்துலயும் சேவ் பண்ணி வைங்க, அதுக்கப்புறம் ரிப்போர்ட் பண்ணி பிளாக் பண்ணுங்க. தேசிய சைபர் க்ரைம் போர்ட்டல்ல பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாருக்குன்னு தனி பகுதி இருக்கு, இல்லன்னா உங்க ஊர் சைபர் க்ரைம் போலீஸ்ல நேராவே குடுக்கலாம். ஆபாசமா எழுதி அனுப்பறது ஐடி சட்டம் 67வது பிரிவுல வரும், மொத தடவைக்கே மூணு வருஷம் வரை ஜெயில், அஞ்சு லட்சம் வரை அபராதம்னு இருக்கு. வேண்டாம்னு சொன்ன பிறகும் ஒருத்தன் திரும்பத் திரும்ப வந்து தொல்லை குடுத்தா அதுக்கு பிஎன்எஸ், அதாவது ஐபிசிக்கு பதிலா வந்த புது குற்றவியல் சட்டத்துல 78வது பிரிவு இருக்கு. பாப்பா போட்டோவ எடுத்து போட்டது சின்ன விஷயமே இல்ல, ஷோ சண்டை தானேன்னு போலீஸ்கிட்ட போக கூச்சப்படாதீங்க. எதுக்காக ஆரம்பிச்சதுன்னு யாருக்கு வேணும், குழந்தைய இழுத்தது இழுத்ததுதான்.

இப்ப நீங்க கேட்டதுக்கு வரேன். நாங்க பாக்கறது நெஜமான்னு கேட்டிருக்கீங்க. பிக் பாஸ்ல நான் வேலை பாத்ததில்ல, ஆனா அந்த மாதிரி ஷோக்கள பல வருஷமா கட் பண்றேன், அதனால வேலை எப்படி நடக்கும்னு சொல்ல முடியும். நடந்தது நெஜம்தான், ஆனா நீங்க பாக்கறது அதுல ஒரு துண்டு. வீட்ல 24 மணி நேரமும் கேமரா ஓடுது, மொத சீசன்லயே 30 கேமரான்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க, உங்களுக்கு வரது விளம்பரம் கழிச்சா சுமார் ஒரு மணி நேரம். மிச்சத்த தூக்கிப் போடறதுதான் எங்க வேலை, எத தூக்கிப் போடறோம்ங்கறதுலதான் கதையே உருவாகுது. யாரும் டயலாக் எழுதிக் குடுக்க வேண்டிய அவசியமே இல்லம்மா, அதனாலதான் ஸ்கிரிப்டட் ஸ்கிரிப்டட்னு கத்தறவங்க சொல்றதும் பாதிதான் சரி.

ஒரு உதாரணம் சொல்றேன். கிச்சன்ல ஒருத்தர் அழுதுகிட்டே பேசறார்னு வைங்க. பேசிட்டு இருக்கும்போதே கட் பண்ணி சோபால உக்காந்திருக்கற இன்னொருத்தர் முகத்த காட்டுவோம், அவங்க கண்ண மேல உருட்டி உதட்ட சுழிப்பாங்க, ரெண்டு செகண்ட் தான், பின்னாடி லேசா ஒரு இழுவை மியூசிக். முடிஞ்சுது, அன்னைக்கு ராத்திரி அந்த ரெண்டாவது ஆளுக்குத்தான் மொத்த திட்டும் விழும். ஆனா அந்த கண்ண உருட்டினது எப்ப? கொசு கடிச்சப்பவா, பக்கத்துல யாரோ மொக்கை ஜோக் சொன்னப்பவா? அந்த ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல தெரியற வரைக்கும் உங்களுக்கு தெரிய வாய்ப்பே இல்ல. அடுத்த தடவை பாக்கும்போது முடி ஈரமா இருக்கா காஞ்சிருக்கான்னு பாருங்க, கைல டீ கப் இருக்கா, போன ஷாட்ல இருந்த துண்டு தோள்ல இருக்கான்னு பாருங்க, எங்க ஆளுங்க எவ்வளவு கவனமா இருந்தாலும் இதுல தான் மாட்டுவாங்க. இன்னொண்ணு, குரல் கேக்கும்போது பேசறவரோட வாய் தெரியாம முதுகோ, கேக்கறவங்க முகமோ மட்டும் தெரிஞ்சுதுன்னா அந்த வாக்கியம் ரெண்டு மூணு இடத்துலேர்ந்து எடுத்து ஒட்டினதா இருக்கலாம், எப்பவும் அப்படின்னு சொல்லல, இருக்கலாம். ப்ரோமோ அதவிட மோசம், அதுல கேள்வி ஒரு இடத்துலயும் பதில் வேற இடத்துலயும் எடுத்தது சர்வ சாதாரணம். ப்ரோமோ பாத்துட்டு மட்டும் தயவுசெஞ்சு போஸ்ட் போடாதீங்க.

24 மணி நேர லைவ் ஹாட்ஸ்டார்ல வந்துருச்சே, அத பாத்தா உண்மை தெரியாதான்னு கேப்பீங்க. லைவ்லயும் எந்த ரூம் கேமரா ஓடணும், எந்த மைக் திறந்திருக்கணும்ங்கறத ஒருத்தர் உக்காந்து மாத்திட்டேதான் இருக்கார். எடிட்ட விட நல்லது, அவ்வளவுதான்.

அப்ப கருத்தே சொல்லக் கூடாதான்னா, தாராளமா சொல்லணும், எவ்வளவு காரமா வேணும்னாலும் சொல்லுங்க. எத பத்தி சொல்றோம்ங்கறதுலதான் விஷயம் இருக்கு. காட்டினத பத்தியும் காட்டினவங்கள பத்தியும் எவ்வளவு வேணா பேசலாம், அந்த ஒரு மணி நேரத்த வெச்சுக்கிட்டு ஒரு ஆள் எப்பேர்ப்பட்டவன், எப்பேர்ப்பட்டவள்னு நம்மளால சொல்ல முடியாது. உங்க போஸ்ட்ல "ரெட் கார்டு குடுத்தது சரி"ங்கறது உங்க கருத்து, அதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு. "அந்த ஆளே அப்படித்தான்"னு எழுதின வரி தான் தாண்டிப் போன வரி. அதுக்காக உங்கள அசிங்கமா திட்டினவங்க செஞ்சது நியாயம்னு நான் சொல்லவே மாட்டேன், ரெண்டும் வேற வேற கணக்கு.

ஜூலிய ஞாபகம் இருக்கா? 2017 ஜனவரில மெரினால ஜல்லிக்கட்டு போராட்டத்துல கோஷம் போட்ட வீடியோ மூலமா ஊருக்கே தெரிஞ்ச நர்ஸ், ஆளாளுக்கு வீரத்தமிழச்சின்னு தூக்கி வெச்சு கொண்டாடினாங்க. அதே வருஷம் ஜூன் மாசம் பிக் பாஸ் மொத சீசனுக்குள்ள போனாங்க, கூட இருந்த போட்டியாளர் ஓவியா விஷயத்துல ஒண்ணு மாத்தி சொல்லிட்டாங்கன்னு கமல் குறும்படம்னு அந்த இடத்தோட வீடியோவ போட்டு காட்டினார், அன்னைலேர்ந்து அவங்கள திட்டாத ஆளே இல்ல. வெளிய வந்த பிறகும் எந்த போட்டோ போட்டாலும் கீழ திட்டு, அவங்க வேலைய, குடும்பத்த, மெரினால நின்னதையே கேவலப்படுத்தி எழுதினாங்க. அந்த குறும்படம் என்னத்த நிரூபிச்சுது? அந்த ஒரு இடத்துல ஜூலி சொன்னதும் நடந்ததும் வேறன்னு நிரூபிச்சுது, அவ்வளவுதான். வெளி உலகமே தெரியாம, போன் இல்லாம, தூக்கம் இல்லாம, தன்னோட ஆளுங்க யாரும் பக்கத்துல இல்லாம அடைஞ்சு கிடக்கற ஒரு பொண்ணு பயத்துல ஒரு பொய் சொன்னா, அதுக்கு வருஷக் கணக்குல தண்டனையா? அவங்களே 2022ல பிக் பாஸ் அல்டிமேட்ல திரும்ப வந்தப்ப, அட இந்த பொண்ணு நல்லாத்தானே பேசுதுன்னு அதே ஜனங்க எழுதினாங்க. நடுவுல ஆள் மாறினாங்களோ என்னவோ, நம்ம பாத்த துண்டு மாறிடுச்சு. குறும்படம்ங்கற சொல்ல இன்னைக்கு குடும்பச் சண்டைல கூட ஆதாரம்ங்கற அர்த்தத்துல சொல்றோம், கேக்கும்போதெல்லாம் எனக்கு ஜூலி முகம்தான் ஞாபகத்துக்கு வருது.

சரி, ரெட் கார்டு. 2023 நவம்பர் மொத வார வீக்கெண்ட் எபிசோட், வீட்ல இருக்கற பெண்கள் பல பேர் பிரதீப் இருந்தா பாதுகாப்பா இல்லன்னு சொன்னாங்க, கமல் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டார், ரெட் கார்டு குடுத்து அனுப்பினாங்க. பிரதீப்புக்கு பேச ஒழுங்கா சான்ஸே தரலன்னு ஒரு கூட்டம், பெண்கள் பயமா இருக்குன்னு சொன்னா நம்பணும்னு இன்னொரு கூட்டம். நீங்க ரெண்டாவது, நாத்தனார் மொதல்ல. எனக்கு என்ன படுதுன்னா நீங்க ரெண்டு பேரும் சொன்னதுலயும் நியாயம் இருக்கு, ரெண்டு பேரும் கோவப்பட வேண்டிய ஆள விட்டுட்டு ஒருத்தர ஒருத்தர் கோவப்பட்டுட்டு இருக்கீங்க.

யோசிச்சு பாருங்க, சம்பளம் வாங்கிட்டு வந்து இருக்கற இடம் அது. பெண்கள் பாதுகாப்பு இல்லன்னு சொல்றாங்கன்னா அத எங்க விசாரிக்கணும்? உங்க கம்பெனிலயே இருக்குமே, வேலை இடத்துல பெண்களுக்கு நடக்கற பாலியல் தொல்லைய விசாரிக்கற ஐசி கமிட்டி, நோட்டீஸ் போர்டுல பேரெல்லாம் ஒட்டியிருப்பாங்களே, 2013ல வந்த சட்டம் அது, பத்து பேர் இருந்தாலே கமிட்டி போட்டாகணும். புகார் குடுத்தவங்க பேரோ, புகாருக்கு ஆளானவர் பேரோ, விசாரணைல பேசினதோ எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு அந்த சட்டத்துலயே எழுதியிருக்கு. ரெண்டு பக்கத்துக்கும் பேச வாய்ப்பு குடுக்கணும்னும் இருக்கு. அந்த ஷோவுக்கு இந்த சட்டம் எப்படி பொருந்தும்னு வக்கீலுங்க பேசட்டும், நான் கேக்கறது அந்த மரியாதைய. இவ்வளவு பெரிய குற்றச்சாட்ட கைதட்டற ஆடியன்ஸ் முன்னாடி, சனிக்கிழமை ப்ரைம் டைம்ல, நடுவுல விளம்பரம் விட்டுவிட்டு விசாரிச்சது யாரோட முடிவு? பிரதீப்போட முடிவும் இல்ல, அவர எதிர்த்து பேசின போட்டியாளருங்க மாயா, பூர்ணிமாவோட முடிவும் இல்ல. சேனலும் தயாரிக்கற கம்பெனியும் எடுத்த முடிவு, கமல் நடத்திக் குடுத்தார். பிரதீப் பேரு கெட்டுது, அந்த பெண்களுக்கு வெளிய வந்தப்புறம் ஆன்லைன்ல விழுந்த வசவு கொஞ்சநஞ்சம் இல்ல, சேனல யார் கேட்டா? எனக்கு இன்னும் ஆறலம்மா இந்த விஷயத்துல.

இதுக்கு முன்னாடியே ஒரு தடவை இத பாத்தாச்சு. 2019, சீசன் 3, நெரிசல் பஸ்ல பெண்கள் படற கஷ்டம் பத்தி பேச்சு வருது, போட்டியாளரா இருந்த நடிகர் சரவணன் கைய தூக்கி காலேஜ் டேஸ்ல நானும் பஸ்ல பெண்கள உரசியிருக்கேன்னு சொல்றார், கமல் லேசா எடுத்துட்டு தாண்டிப் போறார், ஆடியன்ஸ் கைதட்டறாங்க. அது லைவ் இல்ல. ரெக்கார்ட் ஆகி, ஒரு எடிட்டர் பாத்து, மேல ஒருத்தர் பாத்து ஓகே சொல்லி, அந்த கைதட்டல் சத்தத்தோட வீட்டுக்கு வந்துச்சு. வெளிய பாடகி சின்மயி மாதிரி ஆளுங்க கேள்வி கேட்டு பெரிசானப்புறம், சில நாள் கழிச்சு சரவணன மட்டும் கன்ஃபெஷன் ரூம்ல கூப்பிட்டு வெளிய அனுப்பிட்டாங்க. சொன்னது தப்பு, மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அத சிரிப்பு சீனா கட் பண்ணி அனுப்பினவங்க? எங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தரும் பதில் சொல்லல. ஒரு எடிட்டரா சொல்றேன், கைதட்டல் சத்தத்த வைக்கறதும் எடுக்கறதும் ரெண்டு நிமிஷ வேலை.

இதுல அரசியல் வேற கலந்துருச்சு, அதனாலதான் உங்க வீட்டு சண்டை இவ்வளவு சூடா இருக்குன்னு நெனைக்கறேன். மொத சீசன் வந்தப்பவே தடை பண்ணு, கமல கைது பண்ணுன்னு இந்து மக்கள் கட்சி புகார் குடுத்தாங்க, போட்டியாளர் காயத்ரி சொன்ன "சேரி பிகேவியர்"ங்கற வார்த்தைக்கு புதிய தமிழகம் கிருஷ்ணசாமி 100 கோடி கேட்டு நோட்டீஸ் விட்டார், அந்த வார்த்தையும் எடிட் டேபிள தாண்டித்தான் வந்துச்சுங்கறத கவனிங்க. 2018 பிப்ரவரில மதுரைல கமல் கட்சி ஆரம்பிச்சார், அதுக்கப்புறம் சீசன் 2லேர்ந்து 7 வரைக்கும் ஒரு கட்சித் தலைவர்தான் வாரா வாரம் ஞாயம் சொல்லிட்டு இருந்தார். 2021 தேர்தல்ல கோவை தெற்குல 1,728 ஓட்டுல தோத்தார், அடுத்த சீசனுக்கும் அவரே வந்து நின்னார். அவர புடிச்சவங்களுக்கு அவர் குடுத்த தீர்ப்பெல்லாம் சரி, புடிக்காதவங்களுக்கு எல்லாம் தப்பு. உங்க நாத்தனாருக்கு பிரதீப் மேல பாசமா இல்ல கமல் மேல கோவமான்னு ஒரு தடவை பொறுமையா கேட்டு பாருங்களேன், உங்களுக்கும் அதே கேள்விதான்.

நியூஸ் சேனல்லயும் இதே வேலைதான் நடக்குது, அங்க விளைவு இன்னும் பயங்கரம். 2020ல பீகார்லேர்ந்து வந்த இந்தி நடிகர் சுஷாந்த் சிங் இறந்தப்ப இந்தி, இங்கிலீஷ் சேனல்கள் அவரோட காதலி ரியா சக்ரவர்த்திய மாசக் கணக்குல என்ன பாடு படுத்தினாங்க, அந்த வருஷம் பீகார் தேர்தல் வந்ததால கட்சிக்காரங்க சுஷாந்த் படம் போட்டு ஸ்டிக்கரே அடிச்சு ஒட்டினாங்க. போதைப்பொருள் வழக்குல உள்ள போய் ஒரு மாசம் இருந்துட்டு ஜாமீன்ல வந்தாங்க ரியா. 2021 ஜனவரில பாம்பே ஹைகோர்ட் இந்த மாதிரி மீடியா விசாரணை நீதி நடக்கறதுக்கே இடைஞ்சல்னு கடுமையா சொல்லிச்சு. 2025 மார்ச்ல சிபிஐ வழக்க முடிச்சுக்கறோம்னு கோர்ட்ல அறிக்கை குடுத்தாங்க. அந்த பொண்ண சூனியக்காரின்னு எழுதின லட்சக்கணக்கான பேர்ல எத்தனை பேர் திரும்ப வந்து அந்த போஸ்ட எடுத்தாங்க?

அதனால எழுதறத நிறுத்தாதீங்க. முந்நூறு நானூறு பேர் படிக்கற இடத்துல ஒரு ஷோவ நிதானமா பாத்து எழுதற பொண்ணு இருக்கறது நல்ல விஷயம், இன்னைக்கு பிஆர் டீம் ஓட்டற அக்கவுண்ட் எது, நெஜமான ஆள் எதுன்னே தெரியாத அளவுக்கு ஆயிருச்சு, வீட்டுக்குள்ள இருக்கறவங்களே ஒருத்தர ஒருத்தர் பிஆர் வெச்சிருக்கேன்னு சொல்லிக்கறாங்க. எழுதும்போது எபிசோட் தேதிய போட்டு, என்ன காட்டினாங்க, அத எப்படி காட்டினாங்க, எத காட்டாம விட்டாங்கன்னு எழுதுங்க. போட்டியாளர் குடும்பம், ஜாதி, உடம்பு, பழைய வாழ்க்கை பக்கம் போகவே வேண்டாம். எபிசோட் முடிஞ்ச உடனே போடாம காலைல ஒரு தடவை படிச்சு பாத்துட்டு போடுங்க, ராத்திரி எழுதினதுல ரெண்டு வரி கண்டிப்பா எடுக்கத் தோணும். அந்த பழைய போஸ்ட்டயும் அழிக்க வேண்டாம், அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துட்டு ஏன் எடுத்தேன்னு கீழ ஒரு லைன் போட்டா போதும்.

நெஜமாவே கோவம் வந்தா அனுப்ப வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. டிவி ஸ்க்ரீன் அடியில இங்கிலீஷ்ல ஒரு லைன் ஓடுமே, புகார் இருந்தா பிசிசிசிக்கு அனுப்புங்கன்னு, யாரும் படிக்கறதே இல்ல. 2011லேர்ந்து பொழுதுபோக்கு சேனல்களுக்குன்னு இருக்கற புகார் கவுன்சில் அது. 2021ல வந்த கேபிள் டிவி விதிப்படி மொதல்ல சேனலுக்கே எழுதணும், அவங்க 15 நாளுக்குள்ள பதில் சொல்லணும், சொல்லலன்னாலோ பதில் திருப்தியா இல்லன்னாலோ அந்த கவுன்சிலுக்கு போகலாம், அதுக்கும் மேல மத்திய அரசு வரைக்கும் போக வழி இருக்கு. எந்த ஷோ, எந்த தேதி, எத்தனையாவது நிமிஷம், என்ன தப்புன்னு நாலு வரில எழுதினா போதும். ஒரு ஹேஷ்டேக்க விட இந்த மாதிரி ஒரு மெயிலுக்கு சேனல்ல ஆள் உக்காந்து பதில் எழுதியே ஆகணும், எங்க ஆபீஸ்ல லீகல் டீம்லேர்ந்து ஃபுட்டேஜ் கேட்டு வந்தா அன்னைக்கு முழுக்க எல்லாரும் டென்ஷன் தான்.

நாத்தனார்கிட்ட வாட்ஸ்அப்ல எதுவும் போடாதீங்க, குரூப்ல பத்து பேர் பாத்துட்டு இருக்கும்போது யாராலயும் இறங்கி வர முடியாது. நேர்ல போங்க, இல்ல போன் பண்ணுங்க. பிரதீப் நல்லவரா கெட்டவரான்னு பேச்சே எடுக்க வேண்டாம், "பாப்பா போட்டோவ போட்டு இப்படி எழுதினாங்க, எனக்கு ராத்திரி தூக்கமே வரலைங்க"ன்னு ஸ்க்ரீன்ஷாட்ட காட்டுங்க. அவங்களுக்கு இது தெரியுமான்னே எனக்கு சந்தேகமா இருக்கு. அத்தைக்காரி இல்லையா, போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்க கூட வரதுக்கு அவங்களயே கூப்பிடுங்க.

வீட்டுக்காரர் பயந்துதான் டெலீட் பண்ண சொல்றார், அந்த பயம் நியாயமான பயம், ஆனா தப்பு பண்ணினவன் அக்கவுண்ட் அங்கயே இருக்க உங்க அக்கவுண்ட் மட்டும் ஏன் போகணும்? இன்னைக்கு ராத்திரியே ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து, பாப்பா இருக்கற எல்லா போட்டோவயும் ஒன்லி மீ போடுங்க, ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ட மறைங்க, கம்பெனி பேர எடுத்துருங்க, ஷோ பத்தின எழுத்துக்கு தனியா ஒரு பேஜ் ஆரம்பிச்சு கமெண்ட் ஃபில்டர்ல கெட்ட வார்த்தைங்கள எல்லாம் போட்டு வைங்க, ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருக்கற போட்டோ ஏதாவது இருந்தா அத மட்டும் மொதல்ல பாருங்க.